பாரூரில் நான் கொடுத்த வெற்றிலை

1968 மார்ச், உகாதி நாள். காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். பாரூருக்கு எழுபத்தைந்து காசு. சிறுவர் பத்திரிகை ஒன்றுக்கு அடிமை முறை ஒழிந்த வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோய்க் கரும்பு வெட்ட விட்டார்கள் என்று எழுதியாயிற்று. ஆனால் கரும்பு வெட்டுவதை நான் பார்த்ததே இல்லை. சேலத்துக்காரன், பொங்கலுக்குக் கடித்ததோடு சரி.

காவேரிப்பட்டினத்தில் பஸ் அரைமணி நின்றது. கண்டக்டர், ஒருவரிடம் தெலுங்கிலும் ஒருவரிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் பேசினார். மூன்றிலும் சில்லறை இல்லை என்றுதான் சொன்னார்.

எட்டரைக்குப் பாரூர். ஏரி வாய்க்காலை ஒட்டிய பண்ணை நஞ்சப்பருடையது. நண்பர் ஒருவர் அவருக்குக் கடிதம் கொடுத்திருந்தார். நஞ்சப்பர் நெய் விட்டு ஒப்பட்டு, அதாவது பருப்புப் போளி, தந்து, வயலுக்கும் அனுப்பினார். அங்கே மாரியப்பன் என்ற பண்ணையாள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும்.

"அடியோட வெட்டணுங்க. மேல வெட்டினா சக்கரை மண்ணுல தங்கிப்போயிரும்."

எத்தனை வருஷமாக இங்கே என்று கேட்டேன்.

"எங்கப்பனும் இங்கதாங்க. நான் பத்து வயசுல வந்தேன். மச்சான் ஓசூருல ரோடு வேலை மேஸ்திரி. பொண்டாட்டி புள்ளைங்கள முன்னாலயே அனுப்பிட்டேன். நானும் போயிரணும்."

நண்பகலில் பண்ணையாட்கள் நஞ்சப்பர் வீட்டு வாசலில் கூடினார்கள். நஞ்சப்பர் ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்தார். மாரியப்பன் மட்டும் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். கடைசி வெற்றிலையை நஞ்சப்பர் என்னிடம் தந்தார்.

"அவனுக்கு நீங்க குடுங்க சார். வெளியூர் கை, ராசியா இருக்கும்."

பெருமையோடு போய் நீட்டினேன். மாரியப்பன் என் முகத்தையே பார்த்தார். விருந்தாளி கையைத் தட்ட மனமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டார்.

சாப்பிடும்போது நஞ்சப்பர் சிரித்தார். "உகாதி வெத்தலைய வாங்கிட்டா அடுத்த உகாதி வரைக்கும் நம்ம ஆளு. நான் நீட்டியிருந்தா வாங்கியிருக்க மாட்டான்."

"திருப்பிக் கொடுத்துவிட்டால்?"

"குடுத்தவங்க கையிலயே குடுக்கணும். எங்கிட்ட வந்து குடுக்க அவனுக்கு ஏது தைரியம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்திரிகைக்கு இப்படி எழுதியிருந்தேன்: பிள்ளைகளே, 1843இல் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரு மனிதன் இன்னொருவனின் உடைமை என்று எந்த நீதிமன்றமும் இனி ஏற்காது என்றது அது. அதில் வெற்றிலையைப் பற்றி ஒன்றும் இல்லை. படித்தவன் நான், ஊர் வழக்கம் தெரியாமல் ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். நஞ்சப்பர் சொற்படி மாரியப்பன் என் பையைத் தூக்கி வந்தார். ஏரிக்கரையில் பஸ் தெரிந்ததும் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்; பாக்கும் அப்படியே இருந்தது.

"குடுத்தவரு நீங்கதானுங்களே. நீங்களே வாங்கிக்கங்க."

நஞ்சப்பர் யோசிக்காமல் விட்டது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாரியப்பன் எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஒரு கிருஷ்ணகிரி டிக்கெட் கேட்டார்.

கிருஷ்ணகிரியில் இறங்கியபோதும் என் பை அவர் தோளிலேயே இருந்தது. ஓசூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பையை இறக்கி என்னிடம் நீட்டினார்.

"இதையும் வாங்கிக்கங்க," என்றார்.