பட்டத்துக்குப் போன அம்புகள்

அம்மா என் அம்புகளை அத்தானிடம் தூக்கிக் கொடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். பின்னேரம் வந்து அறைக்குள் பார்த்தால் அலுமாரிக்குப் பின்னால் வில் மட்டும் கிடக்கிறது. அம்புகள் இருந்த துணிப்பை இல்லை.

அது தொண்ணூறாம் ஆண்டு. இந்திய ஆமி போய், அடுத்த சண்டை தொடங்காமலிருந்த சில மாதங்கள். ஜேர்மனிக்குப் போன அண்ணை முதல்தடவையாக ஊருக்கு வந்து நின்றார். அங்கே ஒரு கழகத்தில் அம்பு எய்யப் பழகியிருந்தார். எனக்கென்று, கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு வில்லும் கார்பனில் செய்த கறுப்பு அம்புகளும் கொண்டுவந்தார். ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அதைவிட நல்ல சாமான் எவரும் தந்ததில்லை.

வில் எனக்குச் சரியாக இருந்தது. அம்புகள்தான் அண்ணையின் கை நீளத்துக்கு வாங்கியவை. நான் நாணை முழுசாக இழுத்தாலும் அம்பு வில்லுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. விட்டால் நெளிந்து நெளிந்து போய் வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"உன்ரை கைக்கு அளவா வெட்டவேணும்," என்று சொல்லி, அண்ணை என்னை நாணை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வில்லுக்கு முன்னால் இரண்டு விரல் விட்டு அளவெடுத்து, எல்லா அம்புகளிலும் வெண்கட்டியால் கோடு போட்டார். பிறகு இரும்பறுக்கும் வாளை எடுத்து ஒரு அம்பின் முன்பக்கத்தை அறுத்தார். வெட்டின இடம் விளக்குமாற்று நுனிபோலப் பிரிந்து, அம்பு நீளத்துக்கு வெடித்துப் போனது. "இஞ்சை ஏலாது, மிசின் வேணும்," என்று மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு அண்ணை திரும்பிப் போய்விட்டார். நானே வெட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கிடையில்தான் அந்தப் பை காணாமல் போனது.

"அம்மா, அம்பெங்கை?"

"அத்தான் வந்து கேட்டவன், குடுத்தனான். பட்டத்துக்குத் தடி வேணுமாம்."

அத்தான் பெரிய மாமாவின் மகன். எனக்கென்று பேசிவைத்திருந்தவன். பேசியது மாமாவும் அம்மாவும். என்னை யாரும் கேட்கவில்லை.

"என்னைக் கேக்காமல் ஏன் குடுத்தனீங்கள்?"

"நீளம் கூடிப்போச்செண்டு நீதானே புறுபுறுத்தனி. நாளைக்கு அவன்ரை வீட்டுக்குத்தானே போகப்போறாய். பிறகென்ன உன்ரை, அவன்ரை எண்டு."

அம்மா இதை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னா. தலை நிமிரவில்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தேன்.

தோட்டவெளியில் நல்ல சோளகக் காற்று. அத்தானும் கூட்டாளிமாரும் ஒரு ஆள் உயரப் பட்டத்தைத் தரையில் கிடத்தி நூல் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள் தாளுக்கு நடுவே கறுப்பாக என் அம்புகள் தெரிந்தன. இறகுகளைச் சீவி எறிந்திருந்தான். சிலவற்றைக் கத்தியால் தறித்துக் குறுக்குத் தடியாக வைத்துக் கட்டியிருந்தான்.

"அத்தான், உது என்ரை அம்பு."

"ஓம், பாரமேயில்லை. நல்ல சாமான்," என்றான், ஏதோ நான் புகழ்ந்தது போல. "நீ என்ன, அம்பை வைச்சுச் சண்டைக்கே போகப்போறாய்? உன்ரை அண்ணை வேறை அனுப்புவார், விடு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையில் குந்தி, தாளைக் குறுக்கே கிழித்தேன். கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஆக்கள் பாக்கினம்," என்று பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். கையை விடுங்கோ."

விட்டான். தறித்த முனைகளின் கறுப்புச் சிராய்கள் என் உள்ளங்கையில் ஏறியிருந்தன. மூன்று அம்புகள்தான் முழுசாக மிஞ்சின. மற்றவற்றையும் அவனுக்கு விட்டுவைக்க மனமில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அடுத்தநாள் சனிக்கிழமை. காலையிலேயே முற்றத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு முழு அம்பின் முனையிலிருந்த இரும்பைச் சுடுதண்ணீரில் பிடித்துப் பசை இளகக் கழற்றினேன். கோட்டைச் சுற்றி பிளாஸ்ரர் ஒட்டினேன். தூள் போகாமல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, முக்கோண அரத்தின் விளிம்பைக் கோட்டில் வைத்து, அம்பை மெல்ல மெல்ல உருட்டினேன். வாளால் அறுத்தபோது நார் பிரிந்ததைப் பார்த்திருந்ததால் ஒரே இடத்தில் அழுத்தவில்லை. அடிக்கடி தண்ணீர் தொட்டுவிட்டேன். கறுப்புச் சேறு வடிந்தது. எனக்கோ எதையாவது ஓங்கி அடித்து உடைக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் கொஞ்சம் அழுத்தினாலும் அம்பு போய்விடும். கை மெதுவாக உருட்ட, வாய் அத்தானைத் திட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் துண்டு கழன்று விழுந்தது. வெட்டு முகம் வட்டமாக, பிசிறில்லாமல் இருந்தது. அதை மண்தாளில் தேய்த்து இரும்பை ஒட்டினேன்.

இரண்டாவது அம்பில் பாதி வட்டம் போயிருந்தேன். மாமா வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே உள்ளே போய் அம்மாவோடு கதைத்தார். குரல் முற்றம்வரை கேட்டது.

"நாலு பேருக்கு முன்னாலை பெடியனை மானங்கெடுத்திப் போட்டாள். இந்தக் குணம் எங்கடை வீட்டுக்குச் சரிவராது."

அம்மா அழுதா. நான் மூக்குத் துணியை இறக்கிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஓம் மாமா, சரிவராது."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் திரும்பி வந்து மிச்ச வட்டத்தை முடித்தேன்.

அம்மா கனநாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பா, கூப்பிடமாட்டா. நான் பின்னேரங்களில் இறகில்லாத அம்புகளுக்குக் கோழிச் செட்டை இறகைப் பிளந்து ஒட்டி, வைக்கோலுக்கு எய்துகொண்டிருந்தேன். இப்போது நெளியாமல் போயின. ஆனியில் சண்டை தொடங்க, வீட்டில் வில்லிருந்தால் என்ன வருமோ என்று அம்மா பயந்தா. நானே அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அத்தான் வேறிடத்தில் கலியாணம் முடித்தான். ஒரு நல்ல சம்பந்தத்தை நான் பட்டத்தோடு கிழித்ததாக அம்மா சாகும்வரை ஆட்களுக்குச் சொன்னா. கேட்காமல் கொடுத்தது பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.