கூடையோரத்தில் ஒரு சிவப்புக் காளான்

புரோத்ராபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. மாடுகள் மேய்ந்து மேய்ந்து அதைத் தரையோடு ஒட்ட வைத்திருக்கும். மழை பிடித்து ஒரு மாதமானால் அங்கே சிவப்புக் காளான்கள் முளைக்கும். சட்டைப் பித்தான் அகலம்தான், ஆனால் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். புல் உயர்ந்து நிற்கும் இடத்தில் ஒன்றுகூட வராது. மாடு வாய் வைத்த இடத்தில்தான் வரும். யாரும் தின்பதில்லை. எனக்கோ அதை ஒரு பார்வை பார்க்காமல் பால் வாங்கப் போக முடியாது. நாற்பது வயதில் அப்படி ஒரு கிறுக்கு.

சுனாமிக்குப் பிந்தைய இரண்டாவது மழைக்காலம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த ஒரு அக்கா, அதே புல்வெளியில் வெள்ளைக் காளான் பொறுக்கி எங்கள் வரிசையில் விற்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒவ்வொன்றையும் முகர்ந்து, அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். வீட்டை அலை கொண்டுபோன பிறகு அந்தக் கூடையை நம்பித்தான் அவர் அடுப்பு எரிந்தது.

அன்று காலை ஆசைப்பட்டு ஒரு சிவப்புக் காளானைப் பறித்துக் கையில் வைத்திருந்தேன். அக்காவின் கூடையைச் சுற்றி நாலைந்து பேர். நல்லதாகப் பார்த்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சிவப்பைக் கூடையோரத்தில் வைத்தேன், வைத்ததையே மறந்தும் போனேன்.

எதிர்வீட்டு வங்காளி அம்மாதான் முதலில் பார்த்தார். "அரே, யே தோ ஜஹர் ஹை!"

விஷம் என்றதும் எல்லோரும் வாங்கியதைக் கூடையிலேயே கொட்டினார்கள். அக்கா அந்தச் சிவப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நான் தொடவே மாட்டேனே. எப்படி வந்துச்சு?"

நான்தான் வைத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆபீசர் வீட்டு அம்மா விஷக்காளானைக் கொஞ்சிக்கொண்டு திரிகிறாள் என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். நானும் என் பங்கைக் கூடையில் கொட்டினேன்.

அடுத்த வாரம் நல்ல மழை. புல்வெளி முழுக்க வெள்ளைக் காளான் பூத்துக் கிடந்தது. அக்கா வெறுங்கையோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். ரோடு போடும் இடத்தில் கல் சுமக்கப் போகிறாராம்.

"ஏன்க்கா, காளான் எடுக்கலையா?"

"இல்ல தங்கச்சி. அலைக்கப்புறம் எனக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல. செவப்பக்கூடத் தெரியாமப் போட்டிருக்கேன் பாருங்க. ஒங்க புள்ளைங்க தின்னிருந்தா என்னாவுறது? என் கைய நானே நம்ப முடியல. மன்னிச்சுக்கங்க."

சுற்றிலும் ஒருவரும் இல்லை. சிரிக்கவும் ஆளில்லை.

"பரவாயில்லக்கா" என்றேன். "இனிமே பாத்துப் பொறுக்குங்க."