தறி நின்ற வீடு

கல்பனா மகளின் இன்ஹேலரை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்தாள். பஞ்சுத் தூசு பட்டால் சுபிக்ஷாவுக்கு மூச்சு இழுக்கும். அதனாலேயே திருத்தணியிலிருந்து, தறி ஓடும் பொதட்டூர்பேட்டைத் தாய்வீட்டுக்குப் போகாமல் மூன்று வருடமாகிறது. நாலு முறை பை கட்டிப் பிரித்தாயிற்று.

கிளம்புமுன் அண்ணனுக்குப் போன் செய்தாள். எப்போதும் அவன் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் கேட்கும். அதைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவள். இன்று கேட்கவில்லை.

"என்னாண்ணா, கரண்டு இல்லியா?"

"கொழந்த வருதுன்னு நேத்தே நிறுத்திட்டேன். வீடு முச்சூடும் ஈரத்துணியால தொடச்சிகினு இருக்கோம். நீ தைரியமா வா."

"ஆங், வரேண்ணா."

'ஒரு நிமிசம் ஓட்டேன், போன்லயே கேட்டுக்கறேன்' என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.