உப்புத் தண்ணீர் நிலா

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் தண்ணீர் கலக்காத நாளில், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஜன்மம் நான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் எழுபதுகளில், நான் பிறந்து வளர்ந்த திருவனந்தபுரத்தில், ஒரு தமிழ் நாடகக்குழுவுக்கு மேடை அமைத்துக்கொண்டிருந்தேன். பகலில் அலுவலகத்தில் தட்டச்சு, மாலையில் சாயமும் சாக்குத்துணியும்.

நாடகத்தை எழுதி இயக்கியவர் என் அலுவலகத்திலேயே மேலதிகாரி. சார் என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடப் போட்டிக்கு அவர் எழுதியது, ஒரு வீட்டை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்கிற கதை. அதில் எனக்குப் பெருமை ஒரு சுவர். வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயத்தால் விரிசல் விரிசலாக வரைந்திருந்தேன். சிவப்பு விளக்கில் அந்தக் கோடுகள் மறைந்துவிடும், சுவர் பளிச்சென்று இருக்கும். நீல விளக்கு ஏறினால் அத்தனையும் கறுப்பாக எழுந்து வரும். அந்தி மங்கி நிலா வரும்போது மூத்த மருமகள் மட்டும் முதலில் அதைப் பார்க்கிறாள். அதுவரை பின்னால் கேட்கும் கிணற்று ராட்டினச் சத்தமும் அப்போது நின்று தவளைச் சத்தம் தொடங்க வேண்டும். தவளைக்கு ஒரு மரச்சீப்பும் என் நகமும் மைக்கும் போதும்.

விளக்குக்காரர் வித்துராவிலிருந்து வந்த மலையாளி. ஆரியசாலையில் ஒரு பாத்திரக்கடையின் பின்னறையில் விளக்குகளை வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், தமிழும் பேசுவார். வெளிச்சத்தை ஏற்றி இறக்க அவரிடம் இருந்தது இரண்டு மண்சாடி உப்புத் தண்ணீர்தான். கம்பியில் கட்டிய தகட்டைச் சாடிக்குள் இறக்கினால் விளக்கு ஏறும், தூக்கினால் மங்கும். ஒரு சாடி அந்திக்கு, ஒரு சாடி நிலாவுக்கு. கொஞ்சம் கண் அயர்ந்தால் ஷாக் அடிக்கும்.

நகரத்தில் திறக்கவிருந்த ஒரு புது அரங்கில் விளக்கு இயக்கும் நிரந்தர வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். கூட வேலை செய்த குழு ஒன்றின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். போட்டி முடிந்ததும் எழுதித் தருவதாகச் சார் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் கல்யாணம் என்று அவரே வெட்கத்தோடு என்னிடம் சொன்னார்.

எனக்கு அவர்மேல் முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகக் கண். "இந்தச் சுவப்புக் கோடு காணாம போற வித்தை எப்படி சேச்சி?" என்று கேட்டார். இவருக்கு எதற்கு இந்த விசாரணை? போட்டியில் இருந்த இன்னொரு குழுவின் ஆளோடு அவர் டீக்கடையில் நின்றதைப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்கிற ஊர் உலகத்தில், என் கண்ணுக்கு டீயே கள்ளாகத் தெரிந்தது. சாரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். "உங்களுக்கு உங்க நிழலைப் பாத்தாலே சந்தேகம்" என்று அவர் சிரித்தார்.

போட்டியன்று மதியம் விளக்குகளோடு ஒத்திகை பார்த்தோம். விளக்குக்காரர் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேடை அவருக்குத் தெரியாது, கண்ணும் சாடியை விட்டு நகரக்கூடாது. அதனால் நான் பக்கத்திரை ஓரமாக நின்று பிரதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்டுச் செய்ய வேண்டும். "அந்தி" என்றேன், சிவப்பு மங்கியது. "நிலா" என்றேன், நீலம் ஏறியது, விரிசல்கள் எழுந்தன. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஒத்திகை முடிந்த பிறகு, நடுவர்கள் தமிழ்ப் புலவர்கள் என்று தெரிந்ததும் சாருக்குத் தமிழ் பொங்கிவிட்டது. பிரதியை வாங்கிப்போய் நிலா என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, சிவப்பு மையால் மதி என்று எழுதிக்கொண்டு வந்தார். நிலா பேச்சு வழக்காம், மதிதான் இலக்கியமாம்.

ஆறு மணிக்குத் திரை ஏறியது. "அந்தி" என்றேன். சிவப்பு மெல்ல மங்கத் தொடங்கியது. அடுத்து என் கண்ணெதிரே இருந்ததைப் படித்தேன்.

"மதி."

மங்கிக்கொண்டிருந்த சிவப்பு அப்படியே நின்றது. நீலம் வரவில்லை. "மதி" என்றேன் மறுபடியும், கொஞ்சம் பலமாக. எட்டிப் பார்த்தால் அவர் இரண்டு சாடிகளிலிருந்தும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "மதி, மதி" என்று பல்லைக் கடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மேடையில் மருமகள், "சுவரெல்லாம் விரிசல் விட்டிருக்கே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று அழுதாள். சுவர் சுண்ணாம்பு அடித்தது மாதிரி பளபளத்தது. சீப்பில் பழக்கதோஷமாக என் நகம் ஓடி, செக்கச்செவேலென்ற அந்தியில் தவளை கத்தியது. சபை சிரித்தது. ஆறு வாரம் நான் தீட்டிய துணி ஒரு நிமிடத்தில் கோமாளித்தனமானது.

திரை இறங்கியதும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சார், இவர் வேணும்னே கெடுத்தார். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்ததை நானே பாத்தேன்."

விளக்குக்காரர் என்னையே பார்த்தார். "ஞான் சேச்சி சொன்னதைத்தான் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். பரிசு அந்த இன்னொரு குழுவுக்குப் போனதும் சாருக்கும் என் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. கடிதம் கேட்டு வந்தவரை அவர் வெறுங்கையோடு அனுப்பினார். எனக்கு அது திருப்தியாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுவாரம் மதியம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் சோற்றைக் குவித்துக்கொண்டே போனார். "மதி, மதி" என்றேன். கரண்டி நின்றது, அவர் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பாதி இலையில் எழுந்துவிட்டேன். மலையாளத்தில் மதி என்றால் 'போதும்' என்று அர்த்தம். காய்கறிக்காரரிடமும் பூக்காரியிடமும் நான் தினமும் சொல்கிற சொல். நிலாவைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, போதும் போதும் என்று அந்த மனிதரின் கையை நானே நிறுத்தியிருக்கிறேன்.

அரை நாள் லீவு போட்டுச் சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுபேச்சில்லாமல் கடிதம் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு ஓடினேன்.

விளக்குக்காரர் பின்னறையில் ஒரு சாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து, "நன்னாயிருக்கு" என்றார். "பக்ஷே முந்தாநாளே ஆளை எடுத்தாச்சு சேச்சி."

சிவப்பு மை, இலக்கியத் தமிழ், நிலா எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். மன்னிச்சிருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்த வேலைக்குச் சேச்சியோட ஆளு யாரும் மனுப் போட்டிருந்தாரா?"

"ஐயோ, இல்லை."

"சேச்சி இவிடெ ஜனிச்சு வளர்ந்தவங்க அல்லே? மதின்னா என்னன்னு அறியாதா? ஒரு தடவையல்ல, மூணு நாலு தடவை சொன்னீங்க. பின்னே எல்லாருடைய முன்னாடியும் ஞான் கெடுத்தேன்னும் சொன்னீங்க."

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் நம்பியிருக்க மாட்டேன்.