எங்கட வீட்டுக் கூவல்

எங்கட சல்லி ஊரில் பொழுதுபட்ட பிறகு கடலில் இருந்து கரைக்கு வருகிறவர்கள் தோணியில் நின்று கூவுவார்கள். கையில் போன் இருக்கிறது, தலையில் கட்டுகிற லைற் இருக்கிறது. ஆனாலும் கூவல் நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவல். எங்கட வீட்டுக்கு நீட்டி ஒன்று, கொஞ்சம் விட்டு, கட்டையாய் இரண்டு. கரையில் நிற்கிற வீட்டு ஆள் பதில் குரல் கொடுக்க வேண்டும். கரை பதில் சொல்லாவிட்டால் கடலில் நிற்கிறவனுக்குத் திசை கெடும் என்பார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தனான்.

என்ர அண்ணன் ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் தனியாய்க் கடலுக்குப் போனார். தோணி நிலாவெளிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. வலை உள்ளே இருந்தது. சாப்பாட்டு வாளி திறக்காமல் இருந்தது. அண்ணன் இல்லை. நான்தான் போய்த் தோணியை இழுத்துக்கொண்டு வந்தனான்.

அவருடைய மனிசி, என்ர மச்சாள், அழவில்லை. அன்றைக்குப் பொழுதுபடக் கரைக்கு வந்தா. கடலில் இருந்து ஒரு கூவலும் வரவில்லை. ஆனால் அவ பதில் குரல் கொடுத்தா. நீட்டி ஒன்று. கொஞ்ச நேரம் நின்றா. பிறகு வீட்டுக்குப் போனா. அடுத்த நாளும் வந்தா. அதுக்குப் பிறகு ஒரு பொழுதும் விடவில்லை. மழையிலும் வந்தா, காய்ச்சலோடும் வந்தா.

சொந்தக்காரர் வந்து சொன்னார்கள். தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பம், கன்னியா வெந்நீர் ஊற்றடியில் அந்தியேட்டிச் சடங்கு முடிப்பம், ஆத்துமா அலையக்கூடாது என்றார்கள். அவ பொட்டைத் துடைக்கவில்லை.

“ஆளைக் காணாமல் ஆருக்குக் கொள்ளி?” என்று கேட்டா. அதோடு கதை முடிந்தது.

எனக்கு ஒரு கரைச்சல் இருந்தது. ஒரே வீட்டில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கூவல்தான். அண்ணன் போன பிறகு நான் முதல் தரம் தொழிலுக்குப் போய்த் திரும்பி வந்த நேரம், பழக்கத்தில் கூவிப்போட்டேன். மச்சாள் கரையில் இருந்து ஓடி வந்தா. இடுப்பளவு தண்ணிக்குள் வந்துவிட்டா. கிட்ட வந்து என்ர முகத்தைப் பார்த்தா. பிறகு திரும்பிப் போனா. சீலை நனைந்து காலில் சுற்றியிருந்தது. அந்த நடையை நான் மறக்கவில்லை.

அன்றோடு நான் கூவுகிறதை விட்டேன். தூரத்திலேயே இஞ்சினை நிற்பாட்டி, துடுப்பு வலித்து, வாய் திறக்காமல் கரைக்கு வருவேன். பெடியள் பகிடி பண்ணுவார்கள். “சித்தப்பா, கள்ளத்தோணி மாதிரி வாறியள்” என்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போவேன்.

போன வருசம் அண்ணனுடைய மகள் ஒரு பயணம் ஒழுங்கு செய்தாள். ரவுணில் ஒருவர் வான் வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறாராம். விடியக்காலை வெளிக்கிட்டால் லக்கலப் பக்கத்து மலை, நீர்வீழ்ச்சி, மழைக்காடு, மிருகங்கள் எல்லாம் காட்டி அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுவாராம். காட்டில் வழிகாட்ட அந்த ஊர் ஆள் ஒருவர் வருவாராம். கருவாடு போடுகிற பெண்கள் கொஞ்சப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

பிள்ளை என்னிடம் வந்தாள். “சித்தப்பா, நீங்களும் வாங்கோ. நீங்கள் கடலுக்குப் போனால் அம்மா கரையை விட்டு வரமாட்டா.”

அம்மாவை ஒரு நாளாவது அந்தக் கரையில் இருந்து எடுக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நீர்வீழ்ச்சி பார்க்கிறது அவளுக்குப் பெரிதில்லை. நான் ஓம் என்றேன்.

மச்சாள் ஒரே ஒரு கேள்வி கேட்டா. பொழுதுபட முதல் திரும்பி வரலாமோ என்று. சாரதி வரலாம் என்றான். அவ வானில் ஏறினா.

கந்தளாய் தாண்டும் மட்டும் பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஹபரணை, தம்புள்ளை தாண்டி மலை ஏறத் தொடங்கக் கதை குறைந்தது. காது அடைத்தது. கண்ணாடியில் பனிப்புகார் படிந்தது. எங்கட பக்கத்து வீட்டுக்காரி வயிறு குமட்டிச் சத்தி எடுத்தா. எடுத்துப்போட்டு, “கடலில எடுக்காத சத்தியை இந்த மலையில எடுக்கிறனே” என்று தன்னைத்தானே ஏசினா. மச்சாள் சன்னல் பக்கம் இருந்து சூரியன் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தா. புகாருக்குள் அதுவும் மறைந்துவிட்டது.

வழிகாட்டி ஒரு சிங்களப் பெடியன். தேயிலைத் தோட்டத்தில் பழகின தமிழ் கதைத்தான். எல்லாரையும் அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரி பையைத் திறந்து ஒரு பொட்டலம் உப்பை எடுத்தா. கருவாட்டுக்காரரிட்ட உப்புக்கு என்ன குறை என்றா. இரண்டையும் பூசினோம். அட்டை கடிக்கத்தான் செய்தது. என்ர கணுக்காலில் ஒன்று ஏற நான் துள்ளிவிட்டேன்.

“சுறாவுக்குப் பயப்பிடாத மனிசன் ஒரு புழுவுக்குத் துள்ளுறார்” என்றா பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். மச்சாளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள்.

முதலில் நீர்வீழ்ச்சிக்குப் போனோம். படி இறங்கிப் போக வேண்டும். சத்தம் முதலில் வந்தது. மாரிக் கடல் இரைகிற அதே இரைச்சல். ஆனால் சுற்றிவர மரம்தான். கடல் எந்தப் பக்கம் என்று கால் தேடியது.

அந்த நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு குகை மாதிரி இடம் இருக்கிறது. தண்ணி முன்னால் விழும். நாங்கள் உள்ளே நின்று பார்க்கலாம். வெள்ளைச் சீலை தொங்கவிட்ட மாதிரி இருந்தது. வெளியில் நின்றவர்கள் நிழலாய்த் தெரிந்தார்கள். யாரோ ஒருவர் கையை ஆட்டினார். யாரென்று தெரியவில்லை. பிறகு கேட்டேன். எங்கட ஆட்கள் ஒருவரும் கை ஆட்டவில்லை என்றார்கள்.

மச்சாள் என்ர காதுக்குக் கிட்ட வந்து சொன்னா. “இதுக்குள்ள நிண்டால் ஆர் கூப்பிட்டாலும் கேக்காது.” உடனே வெளியில் போனா. குளித்த பெண்களுக்குச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவ தண்ணியில் கால் வைக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் நடந்தோம். வெயில் உள்ளே வரவில்லை. மரமெல்லாம் பாசி. ஈரம் மேலே இருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. வழிகாட்டி ஒரு ஓணானைக் காட்டினான். மூக்கில் இலை முளைத்த மாதிரி இருந்தது. இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை என்றான். பெரிய மலை அணில் ஒன்றும் கண்டோம். அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. புகார் இறங்கிவிட்டது. முன்னுக்குப் போகிறவர்களுடைய முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. முதுகுகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒன்று கூடுதலாய் இருக்கிற மாதிரியே பட்டது.

அப்போதுதான் அது கேட்டது.

நீட்டி ஒன்று. கொஞ்சம் விட்டு, கட்டையாய் இரண்டு.

பள்ளத்துப் பக்கம் இருந்து, புகாருக்குள் இருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதைத்துக்கொண்டு இருந்ததைப் பாதியில் விட்டா. சல்லி ஆட்களுக்கு அது எந்த வீட்டுக் கூவல் என்று சொல்லத் தேவையில்லை.

மச்சாள் நின்றா. கையை வாயில் குவித்தா. நீட்டி ஒன்று, பதில் குரல் கொடுத்தா.

காடு திருப்பிச் சொன்னது. நீட்டி ஒன்று. விட்டு, இரண்டு.

அவ திரும்பவும் கொடுத்தா. அது திரும்பவும் சொன்னது. இந்த முறை கிட்டவாய் இருந்தது.

அண்ணன் கடலில் போனவர், இந்த மலையில் என்ன செய்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

மச்சாள் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கினா. சருகுக்குள் கால் புதைந்தது. வழிகாட்டி ஓடி வந்தான்.

“அம்மா, அங்க போக ஏலாது. பள்ளம். கீழ ஒண்டும் தெரியாது.”

அவவுக்குக் கேட்கவில்லை. பிள்ளை போய்க் கையைப் பிடித்தாள். அவ கையை உதறினா. நான் போய் முன்னுக்கு நின்றேன். என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றா. அன்றைக்குத் தண்ணிக்குள் நின்று என்னைப் பார்த்த அதே கண்.

வழிகாட்டி மேலே காட்டினான். புகார் கொஞ்சம் விலகியது. மரக்கொப்பில் ஒரு மந்தி இருந்தது. மேல் எல்லாம் கறுப்பு. கன்னத்தில் வெள்ளைத் தாடி. எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பிறகு வாயைக் குவித்தது. தொண்டை வீங்கியது. நீட்டி ஒன்று. விட்டு, இரண்டு.

கறுத்த மந்தி என்றான் வழிகாட்டி. மற்றக் கூட்டம் கிட்ட வந்தால் இப்படித்தான் கத்துமாம். எல்லா நாளும் கத்துமாம்.

மச்சாள் அந்த மந்தியை நெடுநேரம் பார்த்தா. அதுவும் பார்த்தது. பிறகு அது கொப்பு மாறிப் போனது. இலை ஆடி ஆடி நின்றது. மச்சாள் தானே ஏறிப் பாதைக்கு வந்தா. சீலையில் ஒட்டின சருகைத் தட்டினா.

“போவம்” என்றா.

திரும்பி வரும்போது மழை. மலை இறங்கவே நேரம் போய்விட்டது. வழியில் தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டவில்லை. சாரதி மச்சாளுக்குச் சொன்ன சொல்லுக்காக வேகமாய்த்தான் ஓட்டினான். ஹபரணை தாண்டிக் காட்டு றோட்டில் வரும்போது முன்னால் வாகனங்கள் நின்றன. யானைகள் றோட்டில் நின்றன. பெரிது இரண்டு மூன்று, நடுவில் குட்டி. சாரதி லைற்றை அணைத்து இஞ்சினை நிற்பாட்டினான். ஒருவரும் கோர்ன் அடித்துச் சத்தம் போடவில்லை. அதுகள் போகிற மாதிரித் தெரியவில்லை.

வெளியில் பொழுதுபட்டு மம்மல் ஆகியது. யானையும் இருட்டும் ஒரே நிறமாய் வந்தது. இனிச் சல்லிக்கு நேரத்துக்குப் போக ஏலாது என்று எல்லாருக்கும் விளங்கியது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். தன்னால்தான் என்று நினைத்திருப்பாள்.

அண்ணன் போன பிறகு அந்தக் கரையில் பதில் குரல் இல்லாமல் போன முதல் பொழுது அது. நான் மச்சாளைப் பார்க்கப் பயந்து யானையைப் பார்த்தேன்.

அவதான் முதல் கதைத்தா. மெல்லத்தான் சொன்னா.

“தம்பி, அது ஒரு குரங்கு.”

“ஓம் மச்சாள்.”

“ஒருக்காக் கூப்பிட உடன திருப்பிச் சொல்லிச்சுது. என்னை ஆரெண்டு தெரியாது, சொல்லிச்சுது.” என்ர பக்கம் திரும்பினா. “உங்கட கடல் ஒருநாளும் சொல்லேல்லை.”

நான் தலையை ஆட்டினேன்.

“கன்னியாவுக்கு நாள் பாருங்கோ” என்றா. “அது முடிஞ்ச பிறகு நீங்கள் கூவிக்கொண்டு வாங்கோ. சத்தமில்லாமல் வர வேண்டாம். நான் கரையில நிக்கிறன்.”

யானைகள் தங்கட நேரத்துக்குக் காட்டுக்குள் இறங்கின. சாரதி இஞ்சினைப் போட்டான். பிள்ளை தாயின் தோளில் சாய்ந்தாள்.

தர்ப்பையில் உருவம் செய்தோம். அண்ணன் உடுத்தின சேட்டு ஒன்றை அதுக்கு மேலே போட்டோம். எரித்தோம். ஐயர் குறித்த நாளில் கன்னியாவில் சுடுதண்ணி அள்ளி வார்த்தோம். மச்சாள் அன்றைக்கும் அழவில்லை. பொட்டில்லாத நெற்றியைப் பார்க்க எனக்குத்தான் ஏலாமல் இருந்தது.

அதுக்குப் பிறகு தொழிலுக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பி வந்தேன். இஞ்சினை நிற்பாட்டினேன். கரையில் அவ நிற்கிறது தெரிந்தது. வாய் வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. தோணி தன்பாட்டில் ஆடிக்கொண்டு நின்றது. பிறகு கையைக் குவித்துக் கூவினேன்.

நீட்டி ஒன்று. விட்டு, கட்டையாய் இரண்டு.

என்ர வாயில் இருந்து வந்தது அண்ணனுடைய குரல். வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் கொஞ்சம் கரகரக்கும். அதுவும் வந்தது.

கரை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அவவும் கேட்டிருப்பா. பிறகு பதில் வந்தது. நீட்டி ஒன்று. ஓடி வரவில்லை. நின்ற இடத்தில் நின்றா.

துடுப்பை எடுத்தேன். தோணி பாரமாய் இருந்தது. அன்றைக்கு மீனும் பெரிதாய்ப் படவில்லை. பின்பக்கம் தாழ்ந்து நின்றது. இஞ்சின் பாரம் என்று எனக்கும் தெரியும். அண்ணன் வழக்கமாய்க் குந்தி இருக்கிற இடமும் அதுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தே வலித்தேன்.

மணலில் தட்டி நான் இறங்கிக் கொஞ்சம் பொறுத்துத்தான் தோணி லேசானது.