பதினோராயிரத்து எண்ணூற்று ஆறு கிலோமீட்டர்

கனாய் தொஷிமித்சு கிரியூ நகரத்தில் முப்பத்தேழு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் அவர் ஓட்டிய தூரம் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாது. சொந்த ஸ்போர்ட்ஸ் காரில், 1996இல் புதிதாக எடுத்த நாளிலிருந்து ஓட்டியது 11,806 கிலோமீட்டர்.

அதிலும் பெரும்பகுதி முதல் ஒன்றரை வருடத்தில் ஓடியது. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. விடுமுறை நாளெல்லாம் அக்காகி மலைச் சாலையில்தான் இருப்பார். பிறகு கல்யாணம். அந்தக் காலத்துக் கார்களின் உற்பத்தியை நிறுத்தியதும் விலை ஏற ஆரம்பித்தது. கனாய் மாதம் ஒரு ஞாயிறு, பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டார். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு. பனி உருகச் சாலையில் உப்புத் தூவியிருந்தால், துருவுக்குப் பயந்து, உப்புக் கரையும் வரை கார் கொட்டகையை விட்டு வெளியே வராது.

வீட்டின் முன்னறையில் மனைவி சட்சுகி முடிதிருத்தகம் வைத்திருந்தாள். இரண்டே நாற்காலி. தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான்.

"அந்தக் காரைத் துடைக்கிற மாதிரி என்னைத் துடைச்சு வச்சிருந்தா நானும் இன்னிக்குப் புதுசாவே இருந்திருப்பேன்" என்பாள், கத்தரியை நிறுத்தாமல்.

"உன்னை வித்தா என்ன வரும்? அது நம்ம வயசான காலத்துக்கு" என்று உள்ளிருந்து கனாயின் குரல் வரும். நாற்காலியில் இருப்பவர்கள் சிரித்துத் தலையை ஆட்ட, சட்சுகி அதட்டுவாள். இது அந்தக் கடையில் வாரம் ஒருமுறையாவது நடக்கும்.

வீடு சட்சுகியின் அப்பா கட்டியது. நிலம் குத்தகை. போன செப்டம்பரில் நில உரிமையாளரின் மகன் ஒரு பெட்டி இனிப்போடு வந்தார். குத்தகை மார்ச்சோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று பணிவாகச் சொன்னார். நிலத்தைத் தொண்ணூறு லட்சம் யென்னுக்கு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒப்பந்தப்படி வீட்டை இடித்து, வெற்று மண்ணாகத் திருப்பித் தர வேண்டும்.

அவர் போனதும் சட்சுகி கேட்டாள். "அந்த வயசான காலம் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். என்னங்க சொல்றீங்க?"

கனாய் கொட்டகையைத் திறந்தார்.

ஓத்தா நகரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் வாங்கி விற்பவர் நுகுயி. ஐம்பது வயது, எண்ணெய் படாத கைகள். இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் ஓடிய இந்த மாடல் ஏலத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். அதே கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் நாற்பது லட்சத்தைத் தாண்டாது.

"அவ்வளவு வித்தியாசமா? இன்ஜின் ரெண்டும் ஒண்ணுதானே" என்று கேட்டார் கனாய்.

"சார், உங்க காரை எடுக்கறவன் ஓட்டறதுக்கு எடுக்கல. நீங்க ஓட்டாம விட்டீங்களே, அதுக்குத்தான் காசு கொடுக்கறான். அமெரிக்காவுல ஒருத்தன் எடுத்து, குளிர்சாதன அறையில வச்சுப் பூட்டிட்டு, வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவான்."

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கனாய் காரை நுகுயியின் கடைக்கு ஓட்டிப் போனார். மனைவி பக்கத்தில். நுகுயி ஒரு சிறு கருவியை ஒவ்வொரு தகடாக வைத்துப் பெயின்ட்டின் கனம் பார்த்தார். டார்ச்சோடு கீழே படுத்து எழுந்தார். பெடல் ரப்பரைத் தடவினார். முகத்தில் சின்னப் பையனின் சிரிப்பு வந்திருந்தது. பிறகு உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"மீட்டர் மாத்தியிருக்கீங்க."

"ஆமாம். தொண்ணூத்தேழுல. கம்பெனி மீட்டர்ல வேகம் நூத்தி எண்பதோட நின்னுடுமே. அப்ப எல்லாரும் முந்நூத்தி இருபது வரைக்கும் காட்டற மீட்டர் போட்டுக்கிட்டோம்."

"நானும் போட்டேன் சார், விடுங்க. பழசு இருக்கா?"

கனாய் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய பழைய மீட்டர். அதில் 8,412. காரில் இருப்பதில் 3,394. நுகுயியின் முகம் மறுபடி மலர்ந்தது. "உங்களை மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம் சார்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் சட்டத்தில் டார்ச் அடித்தார். மேலிருந்து கீழே. மறுபடி மேலே.

"மாத்தின தேதியும் கிலோமீட்டரும் எழுதி கடைக்காரர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாரே."

"ஒட்டினார். கோணலா ஒட்டிட்டார். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துச்சு. அந்த வாரமே உரிச்சுட்டேன். இவளோட ஹேர் டிரையரை வச்சு மெதுவா சூடு பண்ணி. பாருங்க, பசை கூட ஒட்டல."

பெருமையாகத்தான் சொன்னார். நுகுயி டார்ச்சை அணைத்தார். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மீட்டர் மாற்றியது அதில் எங்கும் இல்லை. அரசுச் சோதனைச் சான்றிதழில் கிலோமீட்டர் எழுதும் வழக்கம் அந்த வருடங்களில் கிடையாது.

"சார், இந்த மீட்டர் இந்தக் காரோடதுன்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் நம்பறேன். ஏலத்துல வாங்கறவன் என்னையே நம்ப மாட்டான். 'ஓடிய தூரம் தெரியவில்லை'ன்னுதான் தாள்ல போடுவாங்க."

"போட்டா?"

"நாற்பத்தி ரெண்டு. நல்லா இருக்கறதால நாற்பத்தி அஞ்சு."

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது சட்சுகி, "கோணலாவே இருந்திருக்கலாம்" என்றாள். கனாய்க்கு அவள் கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

மீட்டர் மாற்றிக் கொடுத்த பட்டறை இப்போது நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடை. பட்டறைக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் மனைவி பின்வீட்டில் இருந்தார். கனாய்க்கு டீ கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலக் கார்தானே? ஸ்டிக்கர் கோணலா இருக்குன்னு போன் பண்ணினது நீங்கதானே? என் வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடே சாப்பிடல. 'வா, நேரா ஒட்டித் தரேன்'னு சொன்னாரே, நீங்க வரவே இல்லையே."

ரசீதுப் புத்தகங்கள் இல்லை. ஏழு வருடம் வைத்திருந்து, விதிப்படி எரித்துவிட்டார்களாம். கடிதம் வேண்டுமானால் எழுதி முத்திரை போட்டுத் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார். நுகுயி அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். ஏல நிலையத்தில் இதை வைக்க இடமில்லை என்றார்.

பஸ் பணிமனையில் உடன் ஓட்டும் ஹோஷினாவுக்கு விஷயம் தெரிந்தது.

"டேய், ஒரு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுடா. கொஞ்சம் அழுக்குத் தண்ணியில ஊற வச்சா இருபத்தெட்டு வருஷம் வந்துடும்."

"அது கள்ளத்தனம்டா."

"பொய்யா எழுதப் போற? நடந்ததைத்தானே எழுதற."

"நடந்ததை எழுதறதுக்கு நான் எதுக்குடா திருடன் மாதிரி உக்காரணும்?"

"அப்ப உங்க வீட்டம்மா கடையை யாருடா காப்பாத்துவா?"

பஸ் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது. கனாய் அதைச் சாக்காக வைத்து எழுந்து போனார்.

நில உரிமையாளரின் மகனிடம் தவணை கேட்டார்கள். மூன்று முறை தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். வங்கியில் கடன் கேட்க, அறுபத்திரண்டு வயது என்றதுமே படிவத்தைத் திரும்ப மடித்துவிட்டார்கள்.

டிசம்பர் ஏலத்தில் கார் போயிற்று. கனாய் நுகுயியோடு போய் உட்கார்ந்திருந்தார். திரையில் வந்தது, எண்கள் ஓடின, நின்றன. நாற்பத்து மூன்று லட்சத்து எண்பதாயிரம். இருபது விநாடி கூட ஆகவில்லை. யார் வாங்கியது என்று கேட்டார். தெரியாது என்றார் நுகுயி. "ஆனா, தூரம் தெரியாத காரைப் பூட்டி வைக்க மாட்டாங்க சார். எவனாவது நல்லா ஓட்டுவான்" என்றார், ஆறுதலாக. கனாய்க்கு அது ஆறுதலாக இல்லை.

வந்த பணத்தில், மார்ச்சில் வீட்டை இடிப்பதற்கே இருபத்து மூன்று லட்சம் ஒதுக்க வேண்டியிருந்தது. மரத்தைத் தனியாக, கூரை ஓடுகளைத் தனியாக, கண்ணாடியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் கூலி அதிகம். முடிதிருத்தும் நாற்காலிகளை இனாமாகக் கூட யாரும் எடுக்கவில்லை. அதற்கும் தனியாகக் காசு கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வந்தவர்கள் நாற்காலியை லாரியில் ஏற்றும்போது சட்சுகி உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரியில் நகராட்சிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. குடியிருப்பில் தொழில் நடத்தக் கூடாது. அலுவலகத்தில் ஓர் இளம்பெண் நீளமான படிவத்தை நீட்டினாள். கனாய் தன் பங்கை எழுதி முடித்து, மனைவியின் பங்குக்கு வந்தார். பெயர், பிறந்த தேதி, தொழில். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

"இல்லைன்னு எழுதுங்க" என்றாள் சட்சுகி.

எழுதினார். அவருடைய கையெழுத்து எப்போதும் போல நேராக இருந்தது.