சாமி முடியைச் சீவிய ஞானம்மாள் டீச்சர்

சாந்தோம் வீட்டிலிருந்து ஞானம்மாள் டீச்சரை அடக்கத்துக்கு எடுத்தபோது அங்கே இருந்தவர்கள்: அவருடைய தம்பி, தம்பி மனைவி, பங்குச் சாமியார், பள்ளித் தலைமை ஆசிரியை, பள்ளி ஆயா முனியம்மாள், மீனவர் குப்பத்துத் தாய்மார் இருவர், மயிலாப்பூரிலிருந்து நான். வர இயலாத மற்றத் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

அன்று காலை சாமிக்கு விளக்கேற்றும்போது முனியம்மாள் வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா பூட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம் கூட நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க" என்றாள். மாரடைப்பு என்று தம்பி பிறகு சொன்னார்.

துக்க வீட்டிலேயே தலைமை ஆசிரியை என்னிடம் கேட்டார்: "சின்ன வகுப்புப் பிள்ளைங்க தலையை இனிமே யாரும்மா பார்க்கறது? பேன் இருக்கிற பிள்ளைங்களை வீட்டுக்குத்தான் அனுப்பணும்." பக்கத்தில் நின்ற குப்பத்துப் பெண் அழுகையை நிறுத்தினாள். "வூட்டுக்கு அனுப்பிச்சீங்கன்னா இன்னா பண்ணுவேன்? பொட்டப்புள்ளைக்குப் படிப்பு போதும்னுடுவாரு அவங்கப்பா" என்றாள்.

என் மகளின் படிப்பும் அப்படித்தான் நின்றுபோக இருந்தது. அவள் முடியைத் திருப்பதிக்கு நேர்ந்திருந்தோம். குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவுத் தீட்டு வந்து பயணம் தள்ளிப்போனது. சீவினால் உதிரும், உதிர்ந்தால் சாமிக்குக் குறையும் என்று மாமியார் தலையில் சீப்பு வைக்க விடவில்லை. ஐந்து வயதில் சடையும் பேனுமாகப் பள்ளிக்குப் போனவளை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் படிக்கவென்று பள்ளி வாசலை மிதித்ததில்லை. மளிகை மடித்து வந்த காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். என் பெண்ணாவது படிக்கட்டும் என்றிருந்தேன்.

மாலையில் டீச்சர் வீட்டுக்கே வந்தார். மாமியார் உட்காரச் சொல்லவில்லை.

"சாமிக்கு வுட்ட முடிம்மா அது. ஒண்ணு உதிர்ந்தாலும் தெய்வ குத்தம்."

"முடி சாமியோடது, சரி. பேனு யாரோடதும்மா? அதையுமா நேர்ந்து வுட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளே போய்விட்டேன். டீச்சர் விடவில்லை. "எங்க ஆளுங்களும் வேளாங்கண்ணிக்கு முடி நேர்றாங்க. கத்திரி வைக்கமாட்டேன். உதிர்றதை உங்க கையில கொடுத்துடறேன், போதுமா?"

மறுநாளிலிருந்து பாடம் முடிந்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் வேப்பெண்ணெய் தடவிச் சிக்கெடுத்தார். நுனியிலிருந்து மேலே போவார். "வேர்ப்பக்கம் நீ புடிச்சுக்கோடி. சிக்கை நான் பாத்துக்கறேன்" என்பார், பிள்ளைக்கு வலிக்காது. கொஞ்சுகிறவர் அல்லர். ஆடினால் சீப்பால் தோளில் ஒரு தட்டு விழும். சிக்கு போனபின் பேன்சீப்பு வைப்பார்.

உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்து மாமியாரிடம் கொடுத்தார். "வேதக்காரி நம்ம பெருமாளுக்குக் கணக்கு ஒப்பிக்கிறா பாரு!" என்று மாமியார் சிரித்து, மோர் கொண்டுவரச் சொன்னார். திருப்பதி போனபோது மடிப்புகளும் போயின. மகள் இப்போது நாலாம் பாரம் படிக்கிறாள்.

இன்னொரு நாள் என் ஓரகத்தி, கைக்குழந்தையின் உச்சியில் படிந்திருந்த பொருக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் கையைத் தட்டிவிட்டார். "அடுப்புச் சட்டியா சுரண்டறே? தேங்காயெண்ணெய் தடவி ஊற வுடு. மெல்லிசுத் துணியால துடை. தானா வரும்." வந்தது. ஓரகத்தி மட்டும் இன்றுவரை அந்தத் தட்டை மறக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைப்பழக்கம்: நுனியில் தொடங்குவது, வேரைப் பிள்ளையிடமே பிடிக்கக் கொடுப்பது. உங்களில் பலருடைய பிள்ளைகளும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்கள்தாம். தாய்மார் வந்து தலை பார்த்தால் எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நான் போகிறேன். எண்ணெய் என் வீட்டுச் செலவில் இருக்கட்டும். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும். திங்களன்று பள்ளி திறக்கிறது. நீங்கள் எந்த நாள் வருவீர்கள் என்று அதற்குள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.